பாட்டனார் பெயர்கள்

ஞாயிறு திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை திருமண ஓலை வாசிக்கத் தொடங்கியதும் ஆலயத்தில் ஓர் அமைதி பரவும். யார் வீட்டுப் பெண், எந்த ஊர் மாப்பிள்ளை என்று அறியும் ஆவல் எவருக்குத்தான் இல்லை? நமக்கோ அந்த ஓலையில் வேறொரு சுவையும் உண்டு. மணமகன் பெயர் கெவின் என்றிருக்கும். அவன் தந்தை லூர்துராஜ். பாட்டனார் யாரென்று விசாரித்தால் முடியப்பன் என்பார்கள். மணமகள் ஷெரின், அவள் தாய் சகாயமேரி, பாட்டியோ வியாகுலம்மாள். ஒரே இல்லத்தில் ஐம்பது, அறுபது ஆண்டுக் காலத்திற்குள் பெயர்கள் இவ்வளவு தூரம் நடந்துவிட்டன.

பெருந்துறை வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல திசைகளிலிருந்து வந்து கூடியவை. சானடோரியத்தில் வேலை கிடைத்து வந்தவர் சிலர். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தவர் சிலர். திருப்பூர்ப் பனியன் தொழிலை நம்பி வந்து, வாடகை குறைவென்று இப்பக்கம் குடியேறியவர் சிலர். தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணிலேயே உழுதும் நெய்தும் வாழ்பவரும் உண்டு. ஆகவே நம்மிடையே கடற்கரைப் பெயரும் கேட்கும், தஞ்சைப் பெயரும் கேட்கும், கொங்குப் பெயரும் கேட்கும். அவை எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து வருகின்றன.

மறைக்கல்வி வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி ஒருநாள் நம்மிடம் வந்தாள். “எங்க ஆத்தா பேரு வியாகுலம்ங்க. வியாகுலம்னா துக்கம்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. பொறந்த கொழந்தைக்குப் போய் யாராச்சும் துக்கம்னு பேரு வெப்பாங்களாங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சிலுவையடியில் நின்ற தாய்க்கு வியாகுல மாதா என்று பெயர். அவள் திருநாள் செப்டம்பர் 15. அந்தத் தாயின் கையில் பிள்ளையை ஒப்படைத்ததற்கு அடையாளமே அப்பெயர். முன்பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த ஒருத்திக்கு, மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயைவிட நெருங்கிய துணை வேறு யார்? இதைச் சொன்னதும் சிறுமி சற்று நேரம் பேசாதிருந்து, “அப்ப எங்க ஆத்தாவுக்கு முன்னாடி எத்தனை கொழந்தைக செத்துச்சுன்னு கேக்கோணும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பெயரின் பொருளைக் கேட்கும் இவ்வழக்கம் புதிதன்று. நம் முன்னோருக்கு மறை போதித்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். புனித பவுல் என்ற பெயர் இலத்தீன் மொழியில் ‘சிறியவர்’ எனப் பொருள்படும். ஆகவே அவர் தமிழில் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்பது கிரேக்கத்தில் ‘முடி’, அதாவது மகுடம். முதல் மறைச்சாட்சியாகிய அவர் முடியப்பர் ஆனார். தோமினிக் என்றால் ‘ஆண்டவருக்கு உரியவர்’, அவர் சாமிநாதர். லியோ என்றால் சிங்கம், அவர் சிங்கராயர். 2025 மே மாதத்தில் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ என்னும் பெயரை ஏற்றபோது, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அது புதுமையான பெயரென்று பேசிக்கொண்டார்கள். அது சிங்கராயன் என்ற பெயரேயன்றோ! அப்பெயருடைய பெரியவர்கள் இன்றும் நம் ஊர்களில் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள்.

மறைப்பணியாளர்கள் தங்கள் பெயர்களையும் இந்த முறையிலேயே மாற்றிக்கொண்டார்கள். போர்த்துக்கல் நாட்டு ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர். ஜான், யோவான் என்பதன் எபிரேய மூலத்திற்கு ‘கடவுள் அருள் கூர்ந்தார்’ என்று பொருள். அந்த அருளைப் பெயரில் தாங்கியே அவர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தம் தலையைக் கொடுத்தார். இத்தாலியரான கொன்ஸ்தான்சோ பெஸ்கி ‘நிலைகுலையாதவர்’ என்னும் தம் பெயரின் பொருளைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். பிற்பாடு நாடு அவரை வீரமாமுனிவர் என்று கொண்டாடியது. அவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்று அழைக்கிறார். யோசேப்பு என்றால் ‘அவர் மேலும் பெருகச் செய்வாராக’ என்பது எபிரேயப் பொருள்; பெருக்கம்தானே வளம்! ஒரு சொல்லுக்காக அந்த முனிவர் எத்தனை இரவு விளக்கெரித்திருப்பார் என்று நாம் எண்ணி வியப்பதுண்டு.

தேவசகாயம் என்ற பெயரும் இவ்வாறு பிறந்ததே. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டருக்கு லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் என்று சூட்டப்பட்டது. ‘கடவுள் உதவினார்’ என்பதே லாசரின் பொருள். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15இல் புனிதராக அறிவித்தார். வெகுகாலம் அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப்பட்டம் இன்று திருச்சபை அழைக்கும் பெயரில் இல்லை. தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயர் மட்டுமே நிற்கிறது.

புனித பேதுருவுக்கு ராயப்பர் என்ற பெயர் வந்த வகையில் இருவேறு கருத்துண்டு. ராயன் என்றால் அரசன். திருத்தூதர்களுக்குத் தலைவர் என்பதால் ராயப்பர் என்பர் சிலர். தெலுங்கில் ராயி என்றால் கல். பேதுரு என்பதற்குப் பாறை என்று பொருளாதலால் அதுவே மூலம் என்பர் வேறு சிலர். நம் மனம் கல்லின் பக்கமே சாய்கிறது. சின்னப்பரையும் முடியப்பரையும் பொருள் பார்த்து அழைத்தவர்கள் பேதுருவை மட்டும் பொருள் பாராமலா அழைத்திருப்பார்கள்?

எல்லாப் பெயரும் இப்படிப் பொருள் பெயர்ந்து வந்தவை என்று எண்ணிவிடலாகாது. சில பெயர்கள் போர்த்துக்கீசியர் வாயில் கேட்டபடியே கரையேறின. ஜோசே என்று அவர்கள் சொன்னதே நம் சூசை. சாந்தியாகோ என்றதே சந்தியாகு. சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்று நாம் அழைக்கும் பெயர்களெல்லாம் 1542இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த புனித சவேரியாரிடமிருந்து வந்தவை. சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் உள்ள ஒரு கோட்டையின் பெயர். அங்குள்ள பாஸ்க் மொழியில் அதற்கு ‘புதுவீடு’ என்று பொருள். ஓட்டு வீட்டிலேயே வாழ்ந்து மறைந்த எத்தனையோ சவரிமுத்துகள் தம் பெயருக்குள் ஒரு புதுவீடு இருப்பதை அறியாமலே போனார்கள்!

இவை எல்லாவற்றிலும் நமக்கு மிகப் பிடித்தது தஸ்நேவிஸ். தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பங்களில் இப்பெயர் உண்டு. போர்த்துக்கீசிய மொழியில் ‘பனியினுடைய’ என்று பொருள். தூத்துக்குடிப் பேராலயம் பனிமய மாதாவுக்குரியது. ஆகஸ்டு 5இல் அவள் திருநாள். உப்பளத்து வெயிலில் நிற்கும் மனிதருக்குப் பனி என்று பெயர்!

கொங்கு நாட்டில் பெயரிடும் முறை ஒன்று உண்டு. குன்றையும் அதன்மேல் உறையும் தெய்வத்தையும் பெயராக்குவது இவ்வூர் வழக்கு. பழனிச்சாமி, செங்கோடன், சென்னியப்பன், வெள்ளியங்கிரி என்று நம் அயலார் அழைக்கப்படுவதை அன்றாடம் கேட்கிறோம். கத்தோலிக்கரும் இந்த வழியிலேயே சென்றார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவால் ஆரோக்கியசாமி, கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னையால் செபமாலை என்று பெயர்கள் அமைந்தன. சின்னப்பன் என்றும் சாமிநாதன் என்றும் சொன்னால், இன்னார் கிறிஸ்தவர் என்று இங்கே எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் கோவைக்காரர். பெரும் முருக பக்தர். பெயரால் பிரிந்து நில்லாமல் ஒரே தெருவில் வாழ அப்பெயர்கள் இடமளித்தன.

பெயரைக் கொண்டு காலத்தையும் கணக்கிடலாம். பிரெஞ்சு நாட்டு லா சலேத் மலையில் அன்னை காட்சி தந்தது 1846இல், லூர்து நகரில் 1858இல், பாத்திமாவில் 1917இல். ஆகவே சலேத்மேரி, லூர்துசாமி, பாத்திமாமேரி என்ற பெயர்கள் அந்தந்த ஆண்டுக்குப் பின்னரே நம் குடும்பங்களுக்கு வந்திருக்க முடியும். கோவை மறைமாவட்டத்தின் தொடக்க காலத்தில் உழைத்தவர்கள் பாரிஸ் நகர வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். தம் தாய்நாட்டுப் பக்தியை அவர்கள் இங்கே ஊன்றியது இயல்பே. குடும்ப வரலாறு எழுத விரும்புவோர் பழைய திருமுழுக்குப் பதிவேட்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கட்டும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்திய பங்குப் பதிவேடுகளின் வழிவந்ததே அது. அச்சங்கத்தின் வழியே 1566இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், புனிதர் ஒருவரின் பெயரையே பிள்ளைக்கு இட வேண்டுமென்று அறிவுறுத்தியது.

அந்தப் பதிவேட்டால் சோறு கிடைத்த கதையும் ஒன்றுண்டு. நமக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் பெயர் மரியம்மாள். எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதியவர் ஒரு கால் சேர்த்து மாரியம்மாள் ஆக்கிவிட்டார். கொங்கு நாட்டில் மாரியம்மாளுக்குப் பஞ்சமில்லை. எழுதியவரைக் குறை சொல்வதற்குமில்லை. ஆனால் ஓர் அட்டையில் குறிலும் மற்றோர் அட்டையில் நெடிலுமாக இருந்ததால் முதியோர் உதவித்தொகை மாதக் கணக்கில் நின்றுபோயிற்று. ஆலயத்திலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் பெற்றுக் கொடுத்த பின்னரே, இருவரும் ஒருவரே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. “ஒத்தைக் காலு எம்பட சோத்தையே நிறுத்திப்போடுச்சு பாருங்க” என்று அவர் சிரித்தார். அம்மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நாம் அறிவோம்.

இப்போது ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வருவோம். எம் தங்கையின் மகள் அங்கே கிளாஸ்கோ நகரில் செவிலியராகப் பணியாற்றுகிறாள். சென்ற ஆண்டு அவளுக்குத் தலைச்சன் பிள்ளை பிறக்கவிருந்தபோது, உடன் வேலை செய்வோர் சொன்ன பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி நமக்கு அனுப்பினாள். “மாமா, இந்த ஊர்ப் பேருகதான் இங்க எல்லாருக்கும் வாயில நுழையுது. அர்த்தம் பார்த்துச் சொல்லுங்க” என்று கீழே குறித்திருந்தாள். பட்டியலில் இயான், மால்கம், ஹேமிஷ், டொனால்ட், டங்கன், கிரேக் என்று பல பெயர்கள் இருந்தன.

அவற்றின் பொருளைத் தேடப் புகுந்தபோது நமக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. மால்கம் என்பது அந்நாட்டுக் கேலிக் மொழியில் ‘கொலும்பாவின் அடியான்’ எனப் பொருள்படும். கொலும்பா, 563இல் அயர்லாந்திலிருந்து அயோனா தீவுக்கு வந்து அந்நாட்டில் மறையைப் பரப்பிய துறவி. அவர் பெயருக்குப் புறா என்று பொருள். புனிதரின் பெயரோடு அடியான் என்பதைச் சேர்ப்பது நம் வழக்கமேயன்றோ! அந்தோணிதாஸ், சூசைதாஸ் என்று நாம் சொல்வதை அவர்கள் மால்கம் என்கிறார்கள். கில்கிறிஸ்ட் என்றொரு பெயரும் அவர்களிடையே உண்டு. அது அப்படியே நம் கிறிஸ்துதாஸ்.

ஹேமிஷ் என்ற பெயர் இன்னும் வேடிக்கையானது. யாகப்பரை அவர்கள் மொழியில் ஷேமஸ் என்பர். கூப்பிடும்போது அது ஹேமிஷ் என்று ஒலி மாறும். கூப்பிட்ட குரலே பெயராக நிலைத்துவிட்டது. தமிழ் இலக்கணம் இதை விளி என்று எட்டாம் வேற்றுமையில் வைத்திருக்கிறது. சின்னப்பா, செல்லப்பா என்று விளித்த குரல் நம்மிடையேயும் பெயராகவே நிற்கவில்லையா? டங்கன் என்றால் பழுப்பு நிற வீரன். நம்மூர்க் கருப்பண்ணனுக்கு அவனைப் பங்காளி எனலாம். டொனால்ட் உலகாள்பவன். கிரேக் என்றால் பாறை. புனிதரிடமிருந்து வந்த பெயரன்று எனினும் பேதுருவை நினைவூட்டாமற் போகாது. இயான் என்பது யோவானே. அருளானந்தர் பெயரில் இருக்கும் அதே அருள். பெண்பிள்ளை பிறந்தால் மார்கரெட் என்று வைக்கலாமென்று ஓரத்தில் எழுதியிருந்தாள். ஸ்காட்லாந்தின் அரசியாயிருந்து 1093இல் மறைந்த புனித மார்கரெட்டை அந்நாட்டார் போற்றுகிறார்கள். கிரேக்கத்தில் அப்பெயருக்கு முத்து என்று பொருள். நம் முத்தம்மாளுக்கு அதைவிட வேறு பொருளுண்டா?

பட்டியலின் கடைசியில் ஆண்ட்ரூ என்றிருந்தது. திருத்தூதரான புனித அந்திரேயா ஸ்காட்லாந்தின் பாதுகாவலர்; அந்நாட்டுக் கொடியில் இருக்கும் சாய்ந்த சிலுவை அவருடையதே. அந்திரேயா என்றால் கிரேக்கத்தில் ஆண்மையும் வீரமும் உடையவர். அவரைத் தமிழில் எவ்வாறு அழைத்தார்கள் தெரியுமா? பெலவேந்திரர் என்று! பெலமும் வேந்தும் அப்பெயரில் சேர்ந்து ஒலிப்பதைக் கேளுங்கள்.

எம் தந்தையாரின் பெயர் பெலவேந்திரம். அவள் ஐந்து வயதாயிருக்கையில் தோளில் தூக்கிக்கொண்டு தேர்த்திருநாள் காட்டிய அவளுடைய அப்பச்சி அவர்தாம். அவர் இருந்த காலத்தில் அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் திணறியவர்கள் எத்தனை பேர்! வேலை பார்த்த இடத்தில் பெலன் என்றார்கள்; பிற்பாடு வேலன் என்றே ஆக்கிவிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. பேரப்பிள்ளைகளுள் ஒருவருக்கும் அப்பெயர் வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டுப் போனார். “எம்பட பேரு என்னோடவே போகட்டும், கொழந்தைகளக் கேலி பண்ணுவாங்க” என்றார். அன்று நாம் மறுத்துப் பேசினோம். அவர் கேட்கவில்லை.

இந்த விவரத்தை எழுதி அனுப்பிய அன்றிரவே தொலைபேசி மணி அடித்தது. “மாமா, அப்ப ஆண்ட்ரூன்னா அப்பச்சி பேரா?” என்றாள். அதற்குமேல் இரண்டு நிமிடம் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பிறந்தது ஆண்பிள்ளை. ஆண்ட்ரூ பெலவேந்திரம் என்று அங்கே திருமுழுக்குக் கொடுத்தார்கள். ஒரே பெயரை இருமுறை வைத்திருக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் நகைத்தார். நகைக்கட்டும். தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு என்பதை அந்நாட்டு அலுவலகங்களுக்கு விளக்கும் துன்பம் அவளுக்கு இதனால் ஓரளவு குறைந்ததாம்.

புதுப்பெயர் வைப்பது தவறா என்று கேட்டால், தவறென்று நாம் சொல்லவில்லை. திருச்சபையும் சொல்லவில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 761ஆம் பிரிவு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயரிட இணங்காவிடில் பங்குக்குரு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டுமென்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855ஆம் பிரிவோ, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அன்பரசியும் எழிலனும் தாராளமாக ஆலயத்துக்குள் வரலாம். கைப்பேசியில் தேடி, ஓசை நன்றாயிருக்கிறதென்று மட்டும் பார்த்து, பொருள் என்னவென்று எவரும் கேளாமல் வைக்கும் பெயர்களே நமக்கு வருத்தம் தருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு எம்மொழியிலும் பொருளில்லை.

பெயர் பற்றி எழுதப் புகுந்துவிட்டு, இரண்டு பெயரோடு வாழ்வோரைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியலினத்தார்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் அன்றும் சேர்க்கப்படவில்லை, பிறகும் சேர்க்கப்படவில்லை. இது குறித்து ஆராய 2022இல் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. நிலைமை இவ்வாறிருக்க, பிள்ளையின் படிப்பையும் வேலையையும் எண்ணி, பள்ளியில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இதை விசுவாசக் குறைவென்று ஏளனம் செய்வோரையும் நாம் கண்டிருக்கிறோம். எட்டு மணி நேரம் தறியில் நின்று திரும்பி, மகனைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

அத்தகைய தாய் ஒருவரை நாம் அறிவோம். ஊராருக்கும் அரசுக்கும் அவர் வேறொருவர். ஆலயப் பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் அடைக்கலமேரி. சென்ற தவக்காலத்தில் நோய்ப்படுக்கையில் இருந்த அவரைக் காண நாங்கள் சிலர் சென்றிருந்தோம். நற்கருணை கொண்டுவந்த குருவானவரின் கையைப் பற்றிக்கொண்டு அவர் வேண்டியது ஒன்றே. “சாமி, ரேசன் கார்டுல இருக்கற பேரு எம்பட பசங்களுக்காக வெச்சதுங்க. நாஞ் செத்துத் துக்கமணி அடிக்கறப்போ அடைக்கலமேரின்னு சொல்லித்தான் அடிக்கோணும். கல்லறைச் சிலுவையிலயும் அதைத்தான் எழுதோணும்.” அப்படியே செய்வதாகக் குருவானவர் வாக்களித்தார். அருகில் நின்ற மூத்த மகன், தாயின் பெயரை எப்படி எழுதுவதென்று எங்களிடம் கேட்டு, எழுத்துப் பிழையின்றிக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.